போகிறவர்களுக்குத் தைத்த பை

வெளிநாடு போகிறவர்களுக்கு நாங்கள் முதுகுப் பை தைத்தோம். அதைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லித் தையல் சங்கத்தில் கேட்டார்கள். ஆண்டு மலரில் போடுவார்களாம். இப்போது ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளை ஜப்பான், ஜெர்மனி என்று மாதக்கணக்கில் அனுப்புகிறார்கள். போகிறதற்கு முன்னால் எந்தப் பை வாங்குவது என்று சங்கத்துப் பெண்களிடம் கேட்கிறார்களாம். கன்னியம்மா அந்தக் காலத்திலேயே தைத்தவள், அவளைக் கேளுங்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பேச்சும் குறைவு. தெரிந்ததை எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டின் மேலேயே எங்கள் கொட்டகை இருந்தது. லாரிப் படுதாதான் முக்கிய வேலை. டிரைவர் கிழிந்த படுதாவை இறக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். வருவதற்குள் தைத்து வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். அங்கே பொம்பளை ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் சேர்த்துவிட்டார். முதல் வருடம் கை ஊசி. அப்புறம் மிஷின். ஊசி உள்ளங்கையில் ஏறும், காய்ச்சல் வரும், மறுபடி போவோம். எல்லாரும் அப்படித்தான் பழகினோம். சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

முதலாளி அமீர் பாய். சின்ன வயதில் சரக்குக் கப்பலில் கித்தான் என்கிற முரட்டுத் துணி தைத்தவர். பாதி உலகம் பார்த்தவர் என்று சொல்வார்கள். அவர் சொல்லிக் கேட்டதில்லை. தையல் நன்றாக இருந்தால் பார்க்கமாட்டார், தாண்டிப் போய்விடுவார். தப்பாக இருந்தால் அந்த இடத்தில் விரலை வைப்பார். வைத்துக்கொண்டு நிற்பார். நாம் பார்க்கும்வரை எடுக்கமாட்டார். பார்த்ததும் போய்விடுவார். திட்டு என்று ஒன்று அவர் வாயில் வந்ததில்லை. அந்த விரலுக்குத்தான் பயம்.

கித்தான் தைக்க மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பக்கம் ஒருத்தி தள்ளுவாள், அந்தப் பக்கம் ஒருத்தி இழுப்பாள். எனக்கு இழுத்தவள் எஸ்தர். தண்டலம் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். புருஷன் கல் குவாரியில் செத்துப்போனான். ஸ்டெல்லா என்று ஒரு பெண் குழந்தை. எஸ்தரின் அம்மாவும் கூட இருந்தார். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எஸ்தர் இழுத்தால் துணி போவதே தெரியாது. நான் மிதிக்கிற வேகம் அவள் கைக்குத் தெரியும். கண்ணால் பார்க்கமாட்டாள். பேசிக்கொண்டே இழுப்பாள். பேசுவது அவள், கேட்பது நான்.

வளைகுடா வேலை வந்த காலம் அது. நம் பக்கத்துக் கொத்தனார், தச்சன், டிரைவர் எல்லாம் கிளம்பினார்கள். மெட்ராஸுக்கு பஸ், பம்பாய்க்கு ரயில், அங்கே ஏஜெண்டு சொன்ன இடத்தில் நாள் கணக்கில் காத்திருந்து பிறகுதான் விமானம். தகரப் பெட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள் பம்பாய் போய்ச் சேர்வதற்குள்ளேயே கை வீங்கிப்போனார்கள். முதுகில் மாட்டுகிற மாதிரி ஒன்று தைத்துக் கொடுங்கள் பாய் என்று கேட்டு வந்தார்கள். பாய் சாக்குப் பை போல வெட்டி இரண்டு பட்டை வைத்துக் கொடுத்தார். தூக்கலாம். ஆனால் தோளை அறுத்துவிடும். அது அவருக்கும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்காரப் பையன் ஒருவனும் பெண் ஒருத்தியும் ரோட்டோரம் லாரிக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண்ணின் பையில் தோள் பட்டை அறுந்து தொங்கியது. பாய் கூப்பிட்டார். பையை நான்தான் வாங்கி உள்ளே எடுத்துப் போனேன். கல் மாதிரி கனத்தது. அந்தப் பெண்ணோ என்னைவிட ஒல்லி. தைத்துக் கொடுத்ததும் மாட்டிக் காட்டினாள். இடுப்பில் ஒரு வார் இருந்தது. அதை இறுக்கினாள். தோள் பட்டையைத் தளர்த்தினாள். என் கையைப் பிடித்துத் தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் நுழைத்தாள். கை தாராளமாகப் போனது. கனம் முழுக்க இடுப்பில் உட்கார்ந்திருந்தது.

"கொடம்க்கா" என்றாள் எஸ்தர். "பாக்க தோள்ல கீற மாரி கீது. இடுப்புலதான் வெச்சிகினு கீறா."

பாய் அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் அந்தப் பையை நாலு பக்கமும் திருப்பித் தரையில் சாக்பீஸால் வரைந்துகொண்டார். உள்ளே அலுமினியக் கம்பி இருந்தது. நமக்கு அது கிடைக்காது. மூங்கிலைப் பிளந்து சீவி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஒரு லாரி நின்றது. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். எந்த ஊர், எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எஸ்தர் அந்த லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். மிஷினில் பாதித் துணி கிடந்தது.

அன்றிலிருந்து எங்கள் பை மாறியது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறவர்களுக்காக, பாய் செய்த முறையை எழுதுகிறேன்.

பை வேண்டும் என்று வருகிறவரிடம் முதலில் மூட்டையைக் கேட்பார். கொண்டுபோகப் போகிற சாமான் எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி எடுத்து வரவேண்டும். மூட்டையைப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டார். மூட்டையைப் பிரித்துப் படுதா மேல் பரப்பச் சொல்வார். எது இல்லாமல் ஒரு வாரம் இருக்கலாம் என்று கேட்பார். அதைத் தள்ளி வைக்கச் சொல்வார். மிச்சம் இருக்கிறது எவ்வளவோ அந்த அளவுக்குப் பை.

அப்புறம் முதுகு அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தில் ஒரு எலும்பு முட்டும் இல்லையா, அங்கேயிருந்து இடுப்பெலும்பு வரைக்கும். ஆள் உயரம் கணக்கில்லை. உயரமான ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கும். குள்ளமான ஆளுக்கு நீள முதுகு இருக்கும். பை அந்த அளவுக்கு மேல் போனால் தலையில் இடிக்கும். கீழே போனால் நடக்கும்போது பின்பக்கம் அடிக்கும்.

தைத்து முடித்ததும் சாமானை உள்ளே வைத்து, மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்து வரச் சொல்வார். வந்த ஆளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். ஒரு கிளாஸ் டீ கொடுப்பார். டீயை வாங்குகிற கையைத்தான் பார்ப்பார். கை உதறினால் பட்டை நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். பையைக் கழற்றிப் பட்டையை மாற்றித் தைக்க எங்களிடம் கொடுத்துவிடுவார்.

வருகிறவர்கள் பல மாதிரி. வல்லக்கோட்டைக் கொத்தனார் ஒருவர் பையின் மேல் தன் பெயரைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னார்.

"இன்னாத்துக்கு?" என்றார் பாய்.

"காணாப்போனா தெரியும்ல பாய்."

"பேரு வெளிய கீதுன்னா, முன்ன பின்ன தெரியாதவன்லாம் பேரச் சொல்லிக் கூப்புடுவான். ஊருக்காரன்னு நெனச்சி நீயும் பல்ல இளிச்சிகினு போவ."

கொத்தனார் யோசித்தார். "அப்ப எங்க மாமனார் பேர எழுதுங்க பாய்" என்றார்.

பாய் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெயரை மூடியின் உள்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ பேருக்குத் தைத்தோம். மஸ்கட், தோஹா, பாக்தாத் என்று பெயர் மட்டும் காதில் விழும். ஒரு ஊரையும் பார்த்ததில்லை. சில நாள் பட்டையில் கடைசித் தையல் போடும்போது, இந்த இடத்தில் ஒரு வெளியூர் வெயில் படும் என்று தோன்றும். எஸ்தரிடம் சொன்னேன். "நீ பேசுனதே பெருசுக்கா" என்றாள்.

பிறகு ஒரு நாள் எஸ்தரே மூட்டையோடு வந்து நின்றாள்.

பஹ்ரைனில் ஒரு டாக்டர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. சர்ச்சில் தெரிந்தவர்கள் மூலம் வந்தது. ஸ்டெல்லாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. அம்மாவுக்குக் கண் ஏறக்குறைய போய்விட்டது. போனால் பிள்ளைக்கு ஒரு வழி. போகாவிட்டால் இந்தப் படுதாதான். அவள் போகவேண்டும் என்று நானும்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மிஷினுக்கு எண்ணெய் விடப் போனேன். 

மூட்டையைப் படுதா மேல் பிரித்தாள். கொட்டகையில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புளி உருண்டை. வடகம். ஊறுகாய் ஜாடிகள். ஆப்பச்சட்டி. முறுக்கு உழக்கு. ஒரு பட்டு வேட்டி. யாரோ ஒருவருக்குத் தலைக்கு வைக்கிற மருந்தெண்ணெய். ஒரு சின்ன அம்மிக்கல்லும் இருந்தது.

பாய் அம்மிக்கல்லைக் காலால் தொட்டார். "இது யாருக்கு?"

"பக்கத்தூட்டு மரகதக்கா மருமவளுக்கு. துபாய்ல கீது."

"நீ போறது பஹ்ரைனு."

"சொன்னேன் பாய். ரெண்டும் கடலுக்கு அந்தாண்டதான கீது, லீவு நாள்ல ஒரு பஸ்ஸப் புடிச்சி குட்த்துட்டு வாயேன்னு சொல்லுது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அப்போது எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தோம். வெளிநாடு என்றால் ஒரே ஊர். அங்கே போனவர்கள் எல்லாம் ஒரே தெருவில் இருப்பார்கள். போகிற ஆளிடம் கொடுத்தால் சேர்ந்துவிடும். யார் கிளம்பினாலும் தெருவே சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். நானும் ஒருமுறை ஒரு கொத்தனாரிடம் ஊறுகாய் கொடுத்தனுப்பியவள்தான்.

"உன்னுது எது, ஊருது எது? பிரி" என்றார் பாய்.

எஸ்தர் பிரித்தாள். அவளுடையது இரண்டு மூன்று புடவை, ஒரு போர்வை, தட்டு, டம்ளர், பைபிள், ஸ்டெல்லாவின் போட்டோ. ஒரு தலையணை அளவு இருந்தது. ஊருடையது அதைப்போல் பல மடங்கு.

"இது போறவ மூட்ட. அது இருக்கறவுங்க மூட்ட. நான் போறவுங்களுக்குத்தான் தைக்கறேன்."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"பாய், இத்த எடுத்துகினு போனாத்தான் அவுங்க எம் புள்ளையப் பாத்துப்பாங்க. எங்கம்மாக்குக் கண்ணு தெரியல. புள்ளைக்குத் தல வார்றது, சாப்ட்டாளா இன்னான்னு கேக்கறது எல்லாம் தெருவுதான். இத்தக் கூட எடுத்துகினு போவலன்னா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அத்தக் கேப்பேன்?"

 பாய் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட முறையில் இதற்கு இடம் இல்லை. ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தார்.

"பெருசாவே வெட்டு கன்னிம்மா" என்றார்.

பொம்பளைக்கு அவர் அளவெடுக்க மாட்டார். அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்கே தொட வேண்டும், எங்கேயிருந்து எங்கே என்று சொல்லச் சொல்ல நான் எடுத்தேன். நான் சொன்ன அளவை அவர் துணியில் சாக்பீஸால் குறித்தார். எஸ்தருக்குச் சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து இடது காறை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. இடது தோள் இரண்டு விரல்கடை கீழே இருந்தது. இத்தனை வருஷம் எதிரில் நின்று துணி இழுத்தவள். நான் அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன்.

இடது பட்டையைக் கீழே இறக்கித் தைத்தேன். உள்ளே பழைய கம்பளியை மடித்து வைத்தேன். இடுப்பு வாரை அகலமாக வைத்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தப் பையில் செய்தேன். தைக்கும்போது மறுபக்கம் இழுத்தவளும் அவள்தான். தன் பைக்குத் தானே இழுத்தாள். 

சாமான் எல்லாம் உள்ளே போனது. அம்மிக்கல் உட்பட. இரண்டு பேர் தூக்கி மாட்டிவிட்டோம். ஏரிக்கரைக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

"இன்னாடி, எப்டி கீது?"

"பூ மாரி கீதுக்கா."

"பொய் சொல்லாத."

"பூன்னா, கூடையோட பூவு."

திரும்பி வரும்போது அவள் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. கொட்டகைக்கு வந்ததும் கழற்றாமல் நின்றாள். சிரித்த முகமாக வைத்துக்கொண்டாள். பாய் டீயை நீட்டினார். அவள் வலது கையை நீட்டினாள். பாய் கிளாஸைப் பின்னுக்கு இழுத்தார்.

"அந்தக் கை."

இடது கையை நீட்டினாள். வாங்கினாள். விரல் மூடவில்லை. கிளாஸ் நழுவி அவள் காலடியில் விழுந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரத்துல சரியாப்பூடும் பாய்" என்றாள்.

பாய் விரலை அந்தப் பட்டையின் மேல் வைத்தார். நான் தைத்த பட்டை. தையலில் தப்பு இல்லை. அது அவருக்கும் தெரியும். விரலை எடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

எஸ்தரும் நானும் படுதா மேல் உட்கார்ந்தோம். அவள் கையை நான் அமுக்கிவிட்டேன். போகாமல் இருந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்தது. இருந்துவிட்டால் நாளைக்கும் எதிரில் நின்று இழுப்பாள். அந்த நினைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"புள்ளைய எங்கூட்ல வுட்டுட்டுப் போ" என்றேன்.

"இன்னா சொல்ற?"

"எங்கூட்ல வளரட்டும். ஒங்கம்மா வேணும்னாலும் வரட்டும். தெருவ யாரும் கேக்க வேணாம். தெரு மூட்ட தெருவுலயே கெடக்கட்டும்."

"ஒனக்கே ரெண்டு பசங்க கீதுங்க."

"மூணாவதுக்குன்னு தனியா ஒல வைக்கப் போறனா?"

"மாமா இன்னா சொல்லுமோ."

"அவரு வாரத்துல ஒரு நாளு வர்ராரு. வந்தா தூங்கறாரு. ஊட்ல ஒண்ணு கூட கீதுன்னு எண்ணிப் பாக்கவே ஆறு மாசம் ஆவும்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பையைக் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தேன். பாய் திரும்பி வந்தபோது துணி பாதி பிரிந்து கிடந்தது.  புதிதாக வெட்ட வேண்டிய இடத்தை அவரே குறித்துக் கொடுத்தார். போகிறவள் மூட்டைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒரு புளி உருண்டைக்குக்கூட மிச்ச இடம் வைக்கவில்லை. அந்தப் பையோடு ஏரிக்கரைக்குப் போய் வந்து, இடது கையால் டீ வாங்கிக் குடித்தாள்.

பையைத் தெருவுக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். பையைப் பார்த்தால் புரியும்.

"இவ்ளோதானா பையி?" என்றார் மரகதம்.

"இவ்ளோதான்க்கா."

"யாரு தச்சது?"

"நான்தான்" என்றேன்.

"துணி பத்தலயா, மனசு பத்தலயா?" என்று கேட்டுவிட்டு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

கிளம்புகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். புடவை கட்டிய பொம்பளை முதுகில் பையை மாட்டிக்கொண்டு நிற்பதை யாரும் பார்த்ததில்லை. மிலிட்டரியா என்று ஒருவன் கேட்டான். இடுப்பு வாரில் கொசுவம் மாட்டிக்கொண்டது. அவிழ்த்துக் கொசுவத்துக்கு மேலே கட்டிவிட்டேன். என் கை அவள் இடுப்பில் இருந்தபோதே பஸ் வந்துவிட்டது.

ஸ்டெல்லா என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பஸ் போன பிறகு கேட்டாள்.

"மொதல்ல ஒண்ணு பெருசா தச்சியே பெரிம்மா. அத்தே இருந்திருந்தா நான் உள்ள உக்காந்துகினு போயிருப்பேன்ல?"

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். 

எஸ்தர் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்தாள். நல்ல பெண். ஆனால் ஒன்று சீக்கிரம் இழுப்பாள், இல்லை தாமதமாக இழுப்பாள். தையல் கோணும். பாய் விரலை வைப்பார். என்னால் அவளிடம் எப்படி இழுப்பது என்று சொல்ல முடியவில்லை. எஸ்தருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கொட்டகையில் சத்தம் ஜாஸ்தியாக இருந்தும் எனக்கு அமைதியாக இருந்தது. பேச்சு இல்லாதவளுக்குப் பேசுகிறவள் பக்கத்தில் இல்லாமல் போனால் அது வேறு மாதிரி. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

ஸ்டெல்லா என் வீட்டில் வளர்ந்தாள். என் வீட்டுக்காரர் எண்ணிப் பார்க்க ஆறு மாதம் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரமே அவளுக்கு ஆம்பூரிலிருந்து செருப்பு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவளைச் சர்ச்சில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். எஸ்தரின் அம்மா இரண்டு வருஷம் எங்களோடு இருந்து இறந்துபோனார். எஸ்தர் வர முடியவில்லை. நடுவில் ஒருமுறை லீவில் வந்தாள். ஸ்டெல்லா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "யாருன்னு தெர்லயா?" என்று எஸ்தர் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினாள். வரமாட்டேன் என்கிறாள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டியதும் லீவு முடிந்தது.

பிறகு அந்த டாக்டர் குடும்பம் கனடா போனது. எஸ்தரையும் கூட்டிப் போனார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் சில வருஷத்தில் அங்கேயே தங்கிவிடலாம், பிள்ளையையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று எழுதினாள். அப்படியே நடந்தது. ஸ்டெல்லா பத்தாவது முடித்த வருஷம் பேப்பர் வந்துவிட்டது.

அதற்காகத்தான் எஸ்தர் போனாள். அதற்காகத்தான் நான் போகச் சொன்னேன். அதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லாவை நிற்கவைத்துக் கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தேன். "இன்னா பெரிம்மா, கூசுது" என்றாள். அம்மாவின் முதுகைவிட நீளம். நேரான தோள். மறுநாள் கொட்டகையில் நல்ல கித்தானாகப் பார்த்து எடுத்து விரித்து, கோடு போட்டுக் கத்தரியை எடுத்தேன். பாய்க்கு அப்போது வயதாகிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"யாருக்கு?" என்றார்.

"ஸ்டெல்லாக்கு."

"எறங்குற எடத்துக்கு யாரு வரா?"

"எஸ்தரு. கார்ல வருதாம்."

"அப்புறம் முதுகுல இன்னாத்துக்குப் பாரம்? கடையில ஒரு சூட்கேஸ் வாங்கிக் குடு. அம்மாக்காரி வந்து கையில வாங்கிப்பா."

அவர் சொன்னது சரி. எஸ்தரும் பெட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தாள். நான் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"மூணு பிளேன் மாறணுமாம் பாய். அம்மாக்காரி வாங்கறது அங்க போனப்புறம். அது வரிக்கும் எம் புள்ள."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சாக்பீஸை எடுத்து, நான் போட்ட கோட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டார்.

"வளர்ற புள்ள" என்றார்.

மீனம்பாக்கத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஸ்டெல்லாவுக்குத் தாவணி. முதுகில் பை. என்னைக் கட்டிக்கொண்டாள். பை இருந்ததால் என் கை அவளைச் சுற்றி வரவில்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டேன். போனதும் போன் பண்ணுகிறேன் என்றாள். எங்கள் வீட்டில் போன் இல்லை என்பது இரண்டு பேருக்குமே அப்போது ஞாபகம் வரவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். உள்ளே கூட்டம். அவள் ஒருமுறை திரும்பினாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது பைதான். நடுத்தையல், ஓரத்தையல், இடுப்பு வார் சேர்கிற இடத்தில் போட்ட இரட்டைத்தையல். தலை மறைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் தெரிந்தது.

பஸ் பிடித்து ஊருக்கு வந்தோம்.  மறுநாள் ஒரு லாரிப் படுதா பாக்கி இருந்தது. போய்த் தைத்தேன்.